கோவிலுக்குப் போய் வந்த அட்டை

என் மகள் ஒரு தேர்வின் நடுவில் எழுந்து போய்விட்டாள். அதை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றதெல்லாம் புரியும். போன பருவத்தில் நடந்தது. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தனியார் கல்லூரியில் அமெரிக்கப் பட்டப்படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளைப் படிக்கிறாள். மீதி இரண்டை அமெரிக்கா போய் முடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அன்று காலை பதினோரு மணிக்குக் கல்லூரியிலிருந்து என்னை அழைத்தார்கள். கேள்வித்தாளை வாங்கினாள், அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள், ஒன்றும் எழுதாமல் எழுந்து வெளியே போனாள், பையும் கைப்பேசியும் வாசலிலேயே கிடக்கின்றன என்றார்கள். அதற்குப் பிறகு ஐந்து மணி நேரம் அவள் எங்கே இருக்கிறாள் என்று யாருக்கும் தெரியாது.

அந்த ஐந்து மணி நேரத்தைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. எழுத வராது. நான்கு மணிக்கு முன்பின் தெரியாத எண்ணிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். “அண்ணே, உங்க மக சுங்கை வே பஸ் ஸ்டாப்புல உக்காந்திருக்கு. பயப்படாதீங்க. சூடா தே ஓ வாங்கிக் குடுத்திருக்கேன், குடிக்குது,” என்றார். பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை முடிந்து பஸ்ஸுக்கு வந்தவர். மதியம் சாப்பிட வெளியே வந்தபோதும் இந்தப் பெண் அதே இடத்தில்தான் இருந்தாளாம். பஸ்கள் வருகின்றன, போகின்றன, இவள் எதிலும் ஏறவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் என் எண்ணைக் கேட்டு வாங்கியிருக்கிறார். நான் போய்ச் சேரும்வரை தன் பஸ்களையும் விட்டுவிட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மகள் ஒரே ஒரு தடவைதான் பேசினாள். “எழுத்தெல்லாம் தெரிஞ்சுச்சுப்பா. வாசிக்க முடிஞ்சுச்சு. ஆனா ஒண்ணும் உள்ள போகல.”

அவள் விட்டுவிட்டுப் போன தாள் ஆரம்பகால அமெரிக்க இலக்கியம். கட்டாயப் பாடம். அதனால் இந்தப் பருவம் அதே பாடத்தை மறுபடி எடுத்தாள். அதே விரிவுரையாளர், அதே அறை. முதல் பெரிய சோதனை ஒரு திங்கட்கிழமை வந்தது. தேறாவிட்டால் அமெரிக்கா போவது ஓராண்டு தள்ளிப் போகும். என் மனைவி அதைப் பற்றியும் யோசித்தாள். நான் யோசிக்கவில்லை. எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அந்த அறையில், அந்த நாற்காலியில், அவள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பாளா?

கிள்ளானிலிருந்து அவள் ரயிலில் போய் வந்துகொண்டிருந்தாள். அந்த நாளுக்குப் பிறகு நான்தான் காரில் கொண்டுபோய் விடுகிறேன். என் அலுவலகம் போர்ட் கிள்ளானில், கப்பல் சரக்குகளுக்கு ஆவணங்கள் தயாரிக்கும் இடம். அது நேர் எதிர்த்திசை. மேலாளரிடம் சொல்லி வேலை நேரத்தை மாற்றிக்கொண்டேன். காலையில் கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் ஒரு மணி நேரம் நகர்ந்துகொண்டிருக்கும்போது நான் கேள்வி கேட்பேன், அவள் பதில் சொல்வாள். சோதனையில் மூன்று பகுதிகள். முதலில் பழைய பத்திகளைக் கொடுத்து யார் பேசுவது, யாரிடம், எதற்கு என்று எழுத வேண்டும். இரண்டாவது இலக்கணம். மூன்றாவது நாற்பது சொற்கள்.

சொற்பட்டியலை ஸ்டியரிங்குக்கு அருகே ஒட்டி வைத்திருந்தேன். சிவப்பு விளக்கில் நிற்கும்போது ஒரு சொல்லைப் படிப்பேன். அவள் ஆங்கிலத்தில் பொருள் சொல்லிவிட்டு, எனக்குச் சரியாகப் புரிந்ததா என்று பார்க்கத் தமிழிலும் சொல்வாள். ‘வில்டர்னஸ்’ என்றேன் ஒருநாள். ஆள் இல்லாத காடு என்று அமெரிக்காவுக்குக் கப்பலில் வந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள், ஆனால் ஆள் இருந்தார்கள் என்றாள். இதையும் எழுத வேண்டுமா என்று கேட்டேன். இதைத்தான் எழுத வேண்டும் என்றாள்.

அந்தக் காலத்து வாக்கியங்கள் வேறு. பக்கத்தின் உச்சியில் தொடங்கி, ஏழெட்டு வரி வளைந்து நெளிந்து, எங்கேயோ போய்த்தான் வினைச்சொல் வரும். அவள் பென்சிலால் எழுவாயில் ஒரு வட்டமும் வினையில் ஒரு வட்டமும் போட்டு, இரண்டையும் ஒரு நீண்ட கோட்டால் கட்டி வைத்திருந்தாள். பக்கம் முழுக்க மின்கம்பிகள் போல இருக்கும். நம் பாஷையில் வினை எப்போதும் கடைசியில்தானே வரும், உனக்கு இது கஷ்டமாக இருக்கக்கூடாதே என்றேன். “அப்பா, ரோட்ட பாத்து ஓட்டுங்க,” என்றாள்.

அந்தக் குடியேறிகள் எந்தக் கப்பலில் என்ன சாமான் ஏற்றி வந்தார்கள் என்று நான் கேட்டால் அவளுக்குச் சலிப்பு வரும். எத்தனை பீப்பாய், எத்தனை மாடு, பட்டியல் போட்டது யார் என்றெல்லாம் எனக்குக் கேட்கத் தோன்றும். “எல்லாத்தையும் கடைசில கப்பலுக்குக் கொண்டு போயிருவீங்கப்பா,” என்பாள். அப்படி அவள் கிண்டல் செய்யும் காலைகளில் எனக்கு மூச்சு சீராக வரும். வெறுமனே பதில் மட்டும் சொன்னாளானால், அலுவலகம் போய்ச் சேர்ந்த பிறகும் வேலையில் மனம் நிற்காது. ஒருமுறை ஒரு கொள்கலனின் எண்ணைத் தப்பாக அடித்து, அது துறைமுக வாசலில் நின்றுவிட்டது.

மதிய இடைவேளையில் நானும் அவளுடைய பாடப்புத்தகத்தைப் படித்தேன். பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவம் வரை படித்தவன், ஆங்கிலம் ஓரளவு வரும். எனக்கென்று ஒரு பழைய பிரதி வாங்கி வைத்திருந்தேன். பிரசங்கங்கள், குடியேறியவர்களின் கடிதங்கள், நாட்குறிப்புகள், அடிமையாக இருந்தவர்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எழுதியவை. எனக்குப் பிடிபட்டவை நாட்குறிப்புகள்தான். அந்த மக்களுக்கு ஒரு பெரிய பயம் இருந்தது. கடவுள் யாரைக் காப்பாற்றுவது, யாரைக் கைவிடுவது என்று முன்பே முடிவு செய்துவிட்டார். நாம் எந்தப் பக்கம் என்று கடைசிவரை நமக்குத் தெரியாது. தெரியாததால் தினமும் அடையாளம் தேடினார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கினால் ஓர் அடையாளம். சோளம் புழுத்துப் போனால் ஓர் அடையாளம். எல்லாவற்றையும் எழுதி வைத்தார்கள்.

மேசைமேல் சோற்றுப் பொட்டலத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அதைப் படித்தபோது கன்னத்தில் யாரோ தட்டியது போல இருந்தது. நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். அவள் காலையில் இரண்டு தோசை சாப்பிட்டால் நல்ல நாள். ஒன்றோடு எழுந்தால் கெட்ட நாள். குளியலறையில் பாட்டு முணுமுணுத்தால் அன்று முழுக்க எனக்குத் தெம்பு. கைப்பேசியைக் குப்புற வைத்தால், ஏன் குப்புற வைத்தாள் என்று மாலை வரை ஓடிக்கொண்டிருக்கும். எழுதி வைக்கவில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

இதை மனைவியிடம் சொன்னேன். அவள் அரசாங்கக் கிளினிக்கில் தாதி. சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள். “நீங்க பாக்கறது அவளுக்குத் தெரியாதுன்னு நெனக்கிறீங்களா? சாப்பிடும்போது தட்டையே பாக்கறீங்க. எனக்கே தொண்டைல நிக்குது,” என்றாள். அன்று முதல் தட்டைப் பார்ப்பதை நிறுத்தினேன். சமையலறையில் நின்றுகொண்டு சத்தத்தை வைத்துக் கணக்கிட ஆரம்பித்தேன்.

இப்போது அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த விரிவுரையாளர் ஒரு சலுகை கொடுத்திருந்தார். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய ஓர் அட்டையை மாணவர்கள் சோதனைக்குள் கொண்டு போகலாம். இரண்டு பக்கமும் எழுதிக்கொள்ளலாம். ஆனால் சொந்தக் கையெழுத்தில் இருக்க வேண்டும், வெள்ளிக்கிழமை வகுப்பில் காட்டி மூலையில் அவருடைய கையொப்பம் வாங்கியிருக்க வேண்டும். கையொப்பம் இல்லாத அட்டை உள்ளே வராது. என் மகள் அதற்காகவே ஊசி முனை ஜெல் பேனா வாங்கி, ஒரு வாரம் உட்கார்ந்து எறும்பு எழுத்தில் எழுதினாள். வெள்ளிக்கிழமை காரில் ஏறியதும் எடுத்துக் காட்டினாள். நாற்பது சொற்களும் முன்பக்கத்தில் இருந்தன. பின்பக்கத்தைப் பார்க்க விடாமல் உடனே கோப்புக்குள் வைத்துவிட்டாள். அன்று அவள் முகத்தில் இருந்த நிம்மதியை நான் பல மாதங்களாகப் பார்த்திருக்கவில்லை.

இங்கே நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைகளுக்குப் பெரிய சோதனை வந்தால், பேனா, பென்சில், சோதனை எண் அச்சிட்ட சீட்டு எல்லாவற்றையும் கோவிலுக்குக் கொண்டுபோய் அர்ச்சனைத் தட்டில் வைத்துப் பூசை செய்து வாங்கி வருவோம். தொடக்கப்பள்ளி ஆறாம் ஆண்டில் செய்தோம், இடைநிலைப்பள்ளி மூன்றாம் படிவத்தில் செய்தோம், ஐந்தாம் படிவத்தில் செய்தோம். மூன்று முறையும் அவள் நன்றாகவே எழுதினாள். கல்லூரிக்குப் போன பிறகு விட்டுவிட்டோம். தாளை வெறுமனே வைத்துவிட்டு எழுந்து போனாளே, அதற்கு முன் செய்யவில்லை. இந்த நினைப்பு சனிக்கிழமை எனக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அமெரிக்கக் குடியேறிகளின் அடையாளப் பைத்தியத்தைப் பக்கம் பக்கமாகப் படித்து, அதில் என்னையே கண்டுபிடித்தவன் நான். அதனால் ஒன்றும் குறையவில்லை.

அவளைக் கேட்டால் வேண்டாம் என்பாள் என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை மனைவி காலை வேலைக்குப் போய்விட்டாள். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். கோப்பிலிருந்து அட்டையையும், மேசையில் இருந்த இரண்டு பேனாக்களையும் எடுத்துக்கொண்டு பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் புறப்பட்டேன். கிள்ளானில் இல்லாத கோவிலா? முன்பு மூன்று முறையும் பிரிக்ஃபீல்ட்ஸ் கோவிலில்தான் செய்தோம். இடம் மாறக்கூடாது என்று இருந்தது. அவள் எழுவதற்குள் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

கோவிலில் நீண்ட வரிசை. ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்கு அந்த வாரம்தான் சோதனை ஆரம்பம் போலிருக்கிறது. அப்பாக்களும் அம்மாக்களும் ரப்பர் பட்டை போட்ட பேனாக் கட்டுகளோடு நின்றார்கள். எனக்கு முன்னால் ஒரு ஆன்டியின் தட்டில் கால்குலேட்டர்கூட இருந்தது. கைப்பேசியைச் சத்தமில்லாமல் வைத்துச் சட்டைப் பைக்குள் போட்டேன். தட்டில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், தேங்காய். அதற்குப் பக்கத்தில் அட்டையைப் படுக்க வைத்து அதன்மேல் பேனாக்கள். குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்டார், சொன்னேன். தட்டை உள்ளே கொண்டு போனார். மந்திரம் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். அவள் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் என்று வேண்டிக்கொண்டேன். மதிப்பெண் கேட்கவில்லை.

தட்டு திரும்பி வந்தபோது தேங்காய் இரண்டாக உடைந்திருந்தது. தண்ணீர் தட்டில் குளமாக நின்றது. அட்டை அதில் மிதந்தது.

சீட்டைக் கொண்டு வந்த மூன்று முறையும் மனைவி அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கொடுத்திருந்தாள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அட்டையைத் தூக்கினேன். நீல மை கசிந்து ஒரு பக்கமாக ஓடியது. அதன்மேல் சந்தனம், குங்குமம். முன்னால் நின்ற ஆன்டி எட்டிப் பார்த்தார். “ஐயோ அண்ணே, பிளாஸ்டிக்ல போட்டுக் கொண்டு வரணும்லா,” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “பரவால்லண்ணே. சாமி பாத்திருச்சு. அது போதும்.”

காரில் ஏறி, குளிர்காற்று வரும் துளையின் முன் அட்டையைப் பிடித்துக் காய வைத்தேன். நாற்பது சொற்களில் பத்து பன்னிரண்டு தெரிந்தன. மற்றவை நீலப் புகை. மூலையில் விரிவுரையாளரின் கையொப்பம் மட்டும் அசையாமல் இருந்தது. அவர் சாதாரணப் பந்துமுனைப் பேனாவால் போட்டிருந்தார்.

அடுத்து நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதே தெருவில் ஓர் எழுதுபொருள் கடையில் அதே அளவு அட்டைக் கட்டு ஒன்றும் நீல ஜெல் பேனாவும் வாங்கினேன். பக்கத்தில் இருந்த முஸ்லிம் உணவகத்தில் சுவரோரமாக உட்கார்ந்து நுரை ததும்பும் தே தாரிக் தேநீர் ஒன்று சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தேன். அவள் கையெழுத்து எனக்குப் பள்ளி முதலாம் ஆண்டிலிருந்தே தெரியும். சிறிய எழுத்து, வலப்பக்கம் சாயும், ‘டி’க்குக் குறுக்குக்கோடு போட மாட்டாள். அழிந்த சொற்கள் என்னென்ன என்பதும் எனக்குத் தெரியும். ஐந்து வாரமாகக் காரில் நான்தானே கேட்டேன். பேனா தடையில்லாமல் ஓடியது. கையொப்பத்தை எப்படிப் போடுவது என்றுகூட ஒரு காகிதத்தில் பழகிப் பார்த்தேன். ஐம்பது வயதைத் தாண்டியவன், ஆவணங்களில் ஒரு எண் மாறினால் பிறரைக் கண்டிப்பவன்.

கல்லாவில் இருந்தவர், இராமநாதபுரத்துப் பக்கத்துப் பேச்சு, சில்லறையை அடுக்கியபடியே என்னைக் கவனித்துக்கொண்டிருந்திருக்கிறார். “என்ன பாஸ், பிட்டு எழுதுறீங்களா? இந்த வயசுலயா?” என்று சிரித்தார். மகளுக்கு என்றேன். “அது சரி. வாப்பா எழுதிக் குடுத்தா மக பாஸாயிரும்,” என்றார். பக்கத்து மேசைக்காரரும் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு அட்டையைத் திருப்பினேன்.

பின்பக்கத்தை அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். பெரும்பாலும் இலக்கணம்; பாதிக்கு மேல் கரைந்திருந்தது. கீழே இடது மூலையில் ஒரு சிறிய கட்டம் போட்டு, அதற்குள் தமிழில் நான்கு வரி. தண்ணீர் அங்கே எட்டவில்லை.

எந்திரிக்காதே.
பேனாவ கீழ வை. தண்ணி குடி.
ஒரு கேள்விய மட்டும் பாரு.
இன்னும் எந்திரிக்காதே.

தே தாரிக் ஆறிப் போனது. முன்பக்கத்தை முழுவதும் எழுதி முடித்திருந்தேன். பின்பக்கத்து இலக்கணத்தையும் புத்தகத்தைப் பார்த்து எழுதிவிடலாம். அந்தக் கட்டத்தை வரைந்தேன். முதல் சொல்லின் முதல் எழுத்தை வைத்தேன். அதற்கு மேல் என் கையால் எழுத முடியவில்லை. அது என் வேண்டுதலும்தான். ஒரு மணி நேரத்துக்கு முன் சாமியிடம் அதைத்தான் கேட்டேன். ஆனால் அவள் அதைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். அதை நான் எழுதிக் கொடுத்தால் அது வேறொன்றாகிவிடும்.

கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன். அவளிடமிருந்து நான்கு தவறிய அழைப்புகள்.

வீட்டுக்கு வந்தபோது அவள் அறையின் தரையில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் கோப்புகள், காகிதங்கள், மெத்தை விரிப்பு உருவிக் கிடந்தது. கண்கள் சிவந்திருந்தன. “நாலு தடவ கூப்பிட்டேன்பா,” என்றாள். நான் இரண்டு அட்டைகளையும் அவள் முன்னால் வைத்தேன். பிறகு சொன்னேன். கோவில், தேங்காய், உணவகம், எல்லாம். கையொப்பம் பழகிய காகிதத்தையும் எடுத்துக் கொடுத்தேன்.

அவள் நனைந்த அட்டையைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தாள். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

“கேட்டிருக்கலாம்லப்பா.”

“வேணாம்னு சொல்லியிருப்ப.”

“சொல்லியிருப்பேன்தான்.” அட்டையைத் திருப்பி அந்த மூலையைப் பார்த்தாள். “இத படிச்சிட்டீங்க.”

தலையாட்டினேன்.

“இங்கிலீஷ்ல எழுதினா சைன் வாங்கும்போது மிஸ் படிச்சிருவாங்கன்னுதான் தமிழ்ல எழுதினேன். நீங்க படிப்பீங்கன்னு நெனக்கல.” அட்டையைக் கீழே வைத்தாள். “நான் நாளைக்கும் எந்திரிச்சுப் போயிருவேன்னு நெனக்கிறீங்க, இல்ல?”

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எத்தனையோ மாதங்களாகச் சொல்லி வந்த பொய். “ஆமாம்மா,” என்றேன்.

“நானுந்தான்,” என்றாள்.

அந்த நாளுக்குப் பிறகு நாங்கள் இருவரும் ஒரே விஷயத்தைப் பற்றி ஒளிவு இல்லாமல் பேசியது அப்போதுதான். அவள் அழவில்லை. எனக்குத்தான் கண் மங்கியது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் நான் எழுதிய அட்டையை எடுத்து வாசித்தாள். “என் எழுத்து மாதிரியே இருக்கு, பயமா இருக்கு,” என்றாள். பிறகு பென்சிலால் இரண்டு இடங்களில் வட்டம் போட்டாள். இரண்டு சொற்களுக்கு நான் பொருளை மாற்றி எழுதியிருந்தேன்.

விரிவுரையாளருக்கு நனைந்த அட்டையைப் படம் எடுத்து அனுப்பி, நடந்ததை ஒளிக்காமல் எழுதி, புதிய அட்டை எழுதிக் கொண்டு வரலாமா என்று கேட்டாள். என் அப்பா கோவிலுக்குக் கொண்டு போனார் என்றே எழுதினாள். அந்த வரியை மாற்றலாமா என்று கேட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பதில் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம் என்று புதிய அட்டை ஒன்றை எடுத்து முதலிலிருந்து எழுத உட்கார்ந்தாள். நான் தரையில் உட்கார்ந்து நனைந்த அட்டையில் தெரிந்ததை வாசித்தேன். தெரியாத இடங்களில் அவளே நினைவிலிருந்து சொன்னாள். இருபத்தைந்து சொற்கள் பார்க்காமலே வந்தன. நான்கைப் புத்தகத்தில் தேடினோம். வேலை முடிந்து வந்த மனைவி வாசலில் நின்று எங்கள் இருவரையும் தரையையும் பார்த்தாள். விஷயத்தைக் கேட்டாள். பிளாஸ்டிக் உறை அலமாரியிலேயே இருந்ததே என்று மட்டும் சொன்னாள். அதுவே போதுமானதாக இருந்தது.

மாலை ஐந்து மணிக்குப் பதில் வந்தது. ஒரே வரி. நனைந்த அட்டையையும் புதியதையும் கொண்டு வா, வாசலில் பார்த்துக்கொள்ளலாம் என்று. அனுமதி என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. அன்று எனக்கு அடையாளம் தேட வேறு எதுவும் தேவைப்படவில்லை. அந்த ஒரு வரியை இருபது முறை படித்தேன்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்குச் சோதனை. அரை நாள் விடுப்பு எடுத்திருந்தேன். காரில் கேள்வி எதுவும் கேட்கவில்லை. அவள் மடியில் கோப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள். சுங்கை வே பஸ் ஸ்டாப்பைத் தாண்டும்போது நான் வேண்டுமென்றே வலப்பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டேன். கல்லூரி வாசலில் இறங்கும்போது, இங்கேயே நிற்காதீங்க, எங்காவது போய்ச் சாப்பிடுங்க என்றாள். சரி என்றேன். நின்றேன். காவலாளி வந்து வண்டியை எடுக்கச் சொன்னார். சுற்றி வந்து மறுபடி நின்றேன். மறுபடி வந்தார். இப்படி நான்கு முறை. ஒவ்வொரு முறையும் கட்டடத்தின் பின்பக்கம் போகும் அந்த இரண்டு நிமிடங்களில் அவள் வெளியே வந்து போய்விடுவாள் என்று மனம் பதறும். கடைசியில் அவரே இரக்கப்பட்டு, மோட்டார் சைக்கிள்கள் நிற்கும் இடத்தின் ஓரத்தைக் காட்டினார்.

ஒன்பதே முக்காலுக்கு ஒரு பெண் கதவைத் தள்ளிக்கொண்டு வேகமாக வெளியே வந்தாள். அதே உயரம், அதே போன்ற பை. நான் காரிலிருந்து இறங்கிப் பாதி தூரம் ஓடிவிட்டேன். வேறு யாரோ. கைப்பேசியில் பேசியபடி என்னைத் தாண்டிப் போனாள். பத்து மணிக்கு இரண்டு பேர். பத்தரைக்கு ஒரு கூட்டம். முடித்துவிட்டவர்கள் போல, சிரித்துக்கொண்டு போனார்கள். பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

பதினொன்று ஐந்துக்கு அவள் வந்தாள். இரண்டு தோழிகளோடு வந்தாள். மூவரும் ஏதோ ஒரு கேள்வியைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பத்தியில் பேசுவது தந்தையா, போதகரா என்று. என்னைப் பார்த்ததும் அவர்களை நிற்கச் சொல்லிவிட்டுத் தனியாக வந்தாள். தலைமுடி கலைந்திருந்தது. தண்ணீர்ப் புட்டி காலியாக இருந்தது.

அட்டையை உள்ளே விட்டார்களா என்று கேட்டேன். “ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாங்க. இந்த மஞ்சள் என்னன்னு கேட்டாங்க. சந்தனம்னேன். மோந்து பாத்தாங்கப்பா,” என்றாள். மோந்து பார்த்துவிட்டு, புதியதில் கையொப்பம் போட்டுக் கொடுத்தாராம்.

“நடுவுல...” என்று ஆரம்பித்தேன். முடிக்கத் தெரியவில்லை.

“எந்திரிக்கணும்போல ரெண்டு தடவ வந்துச்சு,” என்றாள். “மொதல் தடவ ரொம்ப நேரம். ரெண்டாவது கொஞ்சம்.” இலக்கணத்தில் ஒரு கேள்வியை விட்டுவிட்டேன், சொற்களில் முப்பத்தெட்டு சரியாக இருக்கும் என்றாள். பிறகு, தோழிகளோடு சாப்பிடப் போவதாகவும், மாலை தானே வந்துவிடுவதாகவும் சொன்னாள். எப்படி வருவாய் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. சரிம்மா என்றேன். அவள் திரும்பிப் போய் விட்ட இடத்திலிருந்தே சண்டையைத் தொடர்ந்தாள். போதகர்தான், நூறு சதவீதம் போதகர் என்று அவள் சொல்வது சாலை திரும்பும்வரை கேட்டது.

மனைவிக்கு அழைத்தேன். கிளினிக்கில் கூட்ட நேரம். மூன்றாவது முறைதான் எடுத்தாள்.

“உக்காந்திருந்தாளா?” என்றாள்.

“கடைசி வரைக்கும்.”

அவள் நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம் வந்தது. மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு யாரோ அவளை உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள்; இதோ வரேன் என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, கைப்பேசியை வைத்துவிட்டாள். காவலாளி மறுபடி என் பக்கம் வந்துகொண்டிருந்தார். அவர் கேட்பதற்குள் வண்டியை எடுத்தேன்.